யாரும் இல்லை என்று சொன்ன பக்கம்

இணையப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் எனக்குப் பிடிக்காது. விருந்தாளி முன்னால் சோற்றுப்பானையைப் போட்டு உடைத்த மாதிரி கூசும்.

ஹைதராபாத் மாதாப்பூரில், ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் தளத்தை நானும் ஸ்ரவந்தியும் எழுதினோம். கொடையாளர்களின் பெயரும் போன் எண்ணும் தரவுத்தளத்தில் இருக்கும். பக்கம் அதோடு இணைந்து தேடும். இணைப்பு கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

"உண்மையச் சொல்லிடணும் அண்ணா. 'இப்பத் தேட முடியல, திரும்ப முயலுங்க'ன்னு போடுங்க."

"நம்ம பக்கம் படுத்துடுச்சுன்னு நாமளே தண்டோரா போடணுமாம்மா?"

சிரித்தாள். ஆனால் அந்த வரியை எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். நான் அதை எடுத்துவிட்டேன். இணைப்பு அறுந்தால் காலிப் பட்டியல் வரும்படி மாற்றினேன். பக்கமும் அடக்கமாக, "இந்த வகையில் யாரும் இல்லை" என்று சொல்லும். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். அவளிடம் சொல்லவில்லை, சின்ன விஷயம்.

போனாலு பண்டிகை வாரத்தில் அவள் கணவர் ஸ்ரீகர் பைக்கிலிருந்து விழுந்தார். அவருடையது பம்பாய் வகை ரத்தம், கிடைப்பதே அபூர்வம். மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். அன்று மதியம்தான் டிவியில் எங்கள் தளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் மொய்த்தது. அவ்வளவு இணைப்பையும் ஒரே சமயத்தில் தாங்க முடியாமல் தரவுத்தளம் புதிதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. பக்கம் மட்டும் கம்பீரமாக நின்றது. தளத்துக்கு உதவ வந்திருந்த பெரிய மனிதர்கள் என் அறையில் உட்கார்ந்து அதை மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரவந்தி போன் செய்தாள்.

"அண்ணா, யாருமே இல்லன்னு வருது. இணைப்புக் கோளாறா இருந்தா நான் எழுதின வரி வந்திருக்கும்ல? அப்ப நிஜமாவே யாரும் இல்லியா?"

என் திரையில் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றேன். "நிஜமாவே இல்ல."

கூகட்பல்லியில் ஒருவர் இருந்தார். பிறகு பார்த்தேன், அந்த மருத்துவமனைக்கு அடுத்த தெரு. அன்று உடைந்த மனசு எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஸ்ரீகர் என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள் ஐயா. பிழைச் செய்தியைப் பார்த்திருந்தால் அவள் கடைசிவரை போனும் கையுமாக அலைந்திருப்பாள். யாரும் இல்லை என்று தெரிந்ததால் தேடுவதை நிறுத்திவிட்டு, மூச்சு அடங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்த நேரமாவது அவர்கூட இருந்தேன் அண்ணா," என்று இப்போதும் சொல்லி அழுகிறாள்.

அந்த நேரத்தை அவளுக்கு நான்தான் கொடுத்தேன்.