கோடி ஓட்டு வாங்கிய சொற்றொடர்

பெருமக்களே! நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு மாபெரும் அறிவிப்பு. இன்று மாலை இம்மண்டப வாசலில் மாயமாய் மறைந்த வலக்கால் சிலிப்பர், கடும் போராட்டத்துக்குப் பின் ஒரு நாயின் வாயிலிருந்து மீட்கப்பட்டது. சிலிப்பர் நலம். நாயும் நலம். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

அவைத்தலைவர், இளைஞர் மன்றத்தின் இமயம் புவனேசன் அண்ணன் அவர்களே! ஆங்கிலத்தின் அரணாய் மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஆசிரியர் சுகுமாறன் ஐயா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! சமைத்துக் களைத்த பின்னும் கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! கைதட்டாமல் கைப்பேசி தட்டும் பின்வரிசைத் தோழர்களே! ஐந்தாம் படிவ மாணவன் ஷர்வினின் அந்தி வணக்கம்!

நாளைக் காலை கோலா குபு பாருவில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. நம் கோலா சிலாங்கூரின் குரலாய்ச் செல்கிறாள் என் வகுப்புத் தோழி தனுஜா. அவளை வழியனுப்பத்தான் இந்த விழா. ஆனால், இந்தப் பயணமே நின்றுபோக இருந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தனுஜாவின் அம்மா விடியற்காலைப் பேருந்தில் கிள்ளான் தொழிற்சாலைக்குப் போகிறவர். அவர் திரும்பும்வரை மகளுக்குப் பட்டண நூலகமே வீடு. அந்த நூலகத்தைப் பற்றியே உரை எழுதினாள். எழுதி, ‘ஹோம் அவே ஃப்ரம் ஹோம்’ என்று முடித்தாள். வீட்டைவிட்டு வந்தாலும் வீடாய் அணைக்கும் இடம் என்று பொருள். எவ்வளவு அழகு! சுகுமாறன் சார் சிவப்பு மையில் அதன்மேல் கோடு இழுத்தார்.

“ஹோம்ஸ்டே விடுதி போர்டப் பாத்து எழுதுனியாமா? முறையான இங்கிலீஷ் ‘ஹோம் ஃப்ரம் ஹோம்’. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொண்டா. இல்லன்னா வேற ஆள அனுப்பிடுவேன்.”

“மாத்துறது ஒரு நிமிச வேல சார். ஆனா போர்டப் பாத்து காப்பி அடிச்சேன்னு சொல்லிட்டீங்களே. அது இல்ல சார்.”

அவள் கண் கலங்கியது. என் காலரோ தானாய் நிமிர்ந்தது. களம் இறங்கினேன் நான்! கைப்பேசியில் தனுஜாவின் சொற்றொடரைத் தட்டித் தேடினேன். எத்தனை பக்கங்களில் அது இருக்கிறது என்று வந்தது எண். ஆயிரமா? இல்லை. இலட்சமா? இல்லை. கோடி! கோடிகோடி! ஓட்டமாய் ஓடினேன் ஆசிரியர் அறைக்கு.

“சார், உலகமே தனுஜா பக்கம் லா!”

சார் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். “மொதல்ல வர்றது கோலா சிலாங்கூர் ஹோம்ஸ்டே. அடுத்தது செகிஞ்சான் ஹோம்ஸ்டே. மூணாவது... டேய், இது ஒங்க அப்பா நம்பர்தானேடா?”

“ஆமா சார். அந்த விளம்பரத்த நாந்தான் எழுதுனேன்.”

“இங்கிலீஷு?”

“தனுஜா பேச்சுலேர்ந்து எடுத்தது சார்.”

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! எங்கள் வீட்டு மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

என் பின்னாலேயே வந்து நின்ற தனுஜா என்னை முறைத்தாள். “நீ என் சாட்சியா, எதிராளியாடா? போன இங்க குடு.”

அதன்பின் அவள் செய்ததைச் சொல்லவே இந்த மேடை ஏறினேன். நான் சொற்களை அவிழ்த்துவிட்ட ஆடுகளாய்த் தேடியிருந்தேன். ‘ஹோம்’ எங்கே மேய்ந்தாலும் கணக்கில் சேர்ந்தது. அவள் முழுத் தொடரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் பூட்டினாள். கோடி சுருங்கியது. பக்கம் பக்கமாய்க் கடைசிவரை போனாள். இன்னும் சுருங்கியது. கைப்பேசி நம் ஊரை அறிந்து நம் ஊர் விளம்பரங்களையே முன்னே தள்ளுகிறது என்று கண்டாள். ஹோம்ஸ்டேக்களை ஒதுக்கினாள். அகராதிகளைத் திறந்தாள். அயல்நாட்டு நாளிதழ்களைத் திறந்தாள்.

பின்வரிசையில் யார், புனிதனா கொட்டாவி விடுவது? இரு தம்பி, இனிமேல்தான் இருக்கிறது.

அவற்றில் அவள் முதலில் தேடியது எதைத் தெரியுமா? தன் தொடரையா? இல்லை! சாருடைய தொடரை! தான் தோற்கக்கூடிய இடத்தில் முதலில் தேடினாள். பிரிட்டனில் அதுதான் பெருவழக்கு என்று கண்டாள். கண்டதை மறைத்தாளா? மாற்றினாளா? முதல் வேலையாக அதையே சாரிடம் காட்டினாள்.

“நீங்க சொன்னது சரி சார். பிரிட்டன்காரங்க அப்படித்தான் எழுதுறாங்க. அமெரிக்காவுல நான் எழுதுன மாதிரி. அகராதியில ரெண்டும் இருக்கு சார்.”

சார் ஒவ்வொன்றாய்ப் படித்தார். சிவப்புக் கோட்டின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதினார். “போர்டுன்னு சொன்னது என் தப்புமா. நீயே போ,” என்றார். அந்த ஆசிரியருக்கும் ஒரு கைதட்டல் தாருங்கள்!

எண்ணிக்கை ஏணியாகலாம், எசமானாகலாமா? கூட்டம் கூடினால் கூற்று உண்மையாகிவிடுமா? கோடி பேர் சொன்னார்கள் என்று குதித்தவன் நான். யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று கேட்டவள் அவள். கையில் எல்லாருக்கும் கைப்பேசி உண்டு. தனக்கு எதிரான பதிலையும் தேடிப் பார்க்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? அந்தத் துணிவு நாளை பேருந்து ஏறுகிறது, பெருமக்களே! பரிசோடு வந்தாலும் வராவிட்டாலும் அவள் நம் பெருமை!

இறுதியாக ஒன்று. சற்றுமுன் புவனேசன் அண்ணன் என்னை, ‘தனுஜாவுக்கு நீதி வாங்கித் தந்த இளஞ்சிங்கம்’ என்று அறிமுகம் செய்தார். ஹி... அதை எழுதிக் கொடுத்தது நான்தான். அவள் நீதியை அவளே வாங்கிக்கொண்டாள். அன்று நான் வாங்கித் தந்தது ஒரு கிளாஸ் தே தாரிக் மட்டும். அதற்குக் கடையில் கொடுத்த டுயிட்டும் அவளுடையது.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. போய் வா தனுஜா! அனைவருக்கும் வணக்கம்!