படிக்கட்டில் ஏறிய சைக்கிள்

பன்விலயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"கண்டியிலருந்து சைக்கிள்ல சுத்திப் பாக்க வந்தவங்கள, சைக்கிளைத் தூக்கிட்டு நடக்க வச்சிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"எப்படிடி?"

"காடு வழியா டேம் கரைக்கு வழி காட்டுனா காசு தர்றோம்னாங்க. கொழுந்து மூட்டையோட நாம போற குறுக்குப் பாதையில கூட்டிட்டுப் போனேன். பூரா படிக்கட்டு."

"அடிப்பாவி! வழிகாட்டுற வேல போச்சா?"

"நேத்து போன் பண்ணி, படி இல்லாத வழி இருக்கான்னு கேட்டாங்க. நம்ம லயத்து வீடுகளுக்குப் பின்னால கல்லு ரோட்டு இருக்குன்னேன். ஆனா இந்தத் தடவ நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்வேன்னுட்டேன்."

"ஒனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே?"

"அதப் பழகத்தான் கண்டிக்குப் போறேன். அவங்களே சொல்லித் தர்றாங்களாம்."

"சீலையோடயா?"

அவள் சேலை ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

"வீட்டுக்காரரோட டெனிம் கால்சட்ட. கால்ல ரெண்டு மடிப்பு மடிச்சிருக்கேன்."