அது என் மீன் இல்ல

எங்கள் தீவில் டெலானிபூரிலிருந்து பஜாருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் முந்தாநாள்தான் கப்பலில் சென்னையிலிருந்து திரும்பியிருக்கிறாள். ஒரு மாதமாக அவளுடைய சிவப்பு மீனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் பக்கத்தில் இருந்த இளையவள், அடுத்த குவார்ட்டர்ஸ் ரேவதி.

“அது என் மீன் இல்ல ரேவதி. சச் சொல்லு, பொய் வேணாம், உன் பூனைங்க தின்னுடுச்சா?”

“அரே அக்கா, அதே மீன்தான்!”

“என் மீன் கையைக் காட்டினா ஓடி ஒளியும். இது மேல வந்து வாயைப் பிளக்குது.”

“தினம் நான்தானே தீனி போட்டேன். பழகாதா?”

“புதுசு வாங்கி விட்டுட்டே.”

“எங்க வாங்குறது? கடைக்குக் கலர் மீன் கப்பல்லதான் வரணும். நீங்க போன பிறகு வந்த முதல் கப்பல்லயே நீங்கதான் இறங்குனீங்க.”

அக்கா யோசித்தாள். என் ஸ்டாப் வந்துவிட்டது. கண்டக்டர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தோடு உட்கார்ந்தே இருந்தேன்.

“ரெண்டு பூனை இருக்கிற வீட்ல அது எப்படிடி தப்பிச்சது?”

“ஜாடி வாயில இட்லித் தட்டைக் கவுத்து, மேல குழவியை வச்சேன். ஓட்டை வழியா காத்து போகும், பூனை கை போகாது. ஒரு மாசமா எங்க வீட்ல இட்லியே இல்ல. அவர் திட்டாத நாள் இல்ல.”

அக்காவின் முகம் இளகியது. ரேவதியின் கையைப் பிடித்தாள். பிறகு சட்டென்று விட்டாள்.

“இன்னைக்குக் காலைல எனக்கு இட்லி கொண்டுவந்து கொடுத்தியே, அது அந்தத் தட்டுல அவிச்சதா?”

ரேவதி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

“கழுவிட்டுத்தான்க்கா அவிச்சேன்.”