வாள் உருவும் சத்தம்

— என் சவுண்டு மேல பழியைப் போடாத, வாலு. உன் உயிர்க்காவலருங்கதான் அடங்காப்பிடாரிங்க. நம்ம கேம்ல ராஜாவோட படுக்கையறை வாசலை ஒருத்தனும் உயிரோட தாண்ட மாட்டேங்குறான்.

— அப்படி இருக்கணும்னுதானே அத்தான் அவங்களை எழுதினேன்? மத்த சிப்பாய்ங்க மாதிரி தட்டினா விழறதுக்கா? நாடு பூரா சலிச்சு எடுத்த ஆளுங்க. கோட்டை மதில்லேருந்து வெட்டிக்கிட்டே வர்றவன், இவங்க மூணு பேரையும் பாத்ததும் ஒரு அடி பின்வாங்கி நிக்கணும்.

— நின்னாத் தேவலையே! நம்ம டெஸ்டிங் பசங்க கன்ட்ரோலரை வீசிட்டு எந்திரிச்சுப் போறாங்க. டைரக்டர் என்னதான் சொன்னார்?

— இன்னிக்குக் கேமை லாக் பண்றாங்க, அப்புறம் எதையும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி இங்க வந்து முடிவு சொல்வாராம். உயிர்க்காவலர் சரியாகலைன்னா அவங்களைத் தூக்கிடுவார், கூடவே என்னையும். 'நீங்க வேற இடம் பாத்துக்கலாம்'னு மரியாதையாத்தான் சொன்னார். அதுக்குத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

— அட, நான் பேசறேன் அவர்கிட்ட. உன்னை இங்க கூட்டிட்டு வந்தவனே நான்தானே? மச்சினியை அம்போன்னு விட்டுட்டா உங்கக்கா எனக்குச் சோறு போடுவாளா?

— நேத்து மீட்டிங்ல பேசினீங்களே, அதுவே போதும். 'என் சவுண்டுல ஒரு குறையும் இல்ல'ன்னு மார்தட்டினீங்க. உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிடுச்சு.

— உள்ளதைச் சொன்னேன்.

— சரி, கோவப்படாம நான் சொல்றதைக் கேளுங்க. உயிர்க்காவலன் ஒரு வெட்டு வெட்டினதும் வாளை உறையில போட்டுடுவான். அதுதான் அவங்க திமிரு. அடுத்த வெட்டுக்கு மறுபடி உருவணும். அந்த உருவற சத்தம் கேட்டதும் கேடயத்தைத் தூக்கினா ஆடறவன் பொழைச்சான். அவனுக்கு நாம குடுக்கற துப்பே அது ஒண்ணுதான். சரியா?

— அந்தச் சத்தத்தைச் செஞ்சவனுக்கே பாடம் நடத்தறியா நீ?

— காலையில டெஸ்டிங் ரூம்ல பின்னாடி உக்காந்திருந்தேன். ஸ்கிரீனைப் பாக்கல, ஆடறவங்க மூஞ்சியைப் பாத்தேன். படுக்கையறை வாசல் வந்ததும் ஒருத்தர் விடாம ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுக்கறாங்க.

— ஏனாம், மகாராஜாங்களுக்கு வேர்க்குதாமா?

— உங்க வாள் சத்தம் காதைக் கிழிக்குதாம். ஒரு பொண்ணு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கண்ணையே மூடிட்டா. ஹெட்போன் இல்லைன்னா துப்பு கேக்காது. துப்பு கேக்காதவன் எப்பக் கேடயத்தைத் தூக்குவான்? செத்துச் செத்து விழறாங்க, பழி என் தலையில விழுது.

— காதைக் கிழிக்குதா? நல்லாருக்கே கதை! பூனை நடக்கற மாதிரி இருக்கு அது. பத்தலைன்னுதானே நானே கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டு வர்றேன்.

— கூட்டினீங்களா? யார் கூட்டச் சொன்னது?

— யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான்.

— அத்தான், இந்த ரூம் ஸ்பீக்கர்லயே அந்தச் சண்டையை ஒரு தடவை ஓட்டறேன். வாள் சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்குங்க.

— இதென்ன, ஒண்ணாங்கிளாஸா?

— தூக்குங்க, ப்ளீஸ்.

— ஓட்டு, ஓட்டு... இந்தா. ஆங், இந்தா. மூணாவது ஆளும் வந்துட்டான், இந்தா. ஒண்ணையாவது விட்டேனா?

— விடல. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேனே, அதைப் பாத்தீங்களா?

— நீ எதுக்குப் பொத்தற?

— ஊசியால குத்தற மாதிரி இருக்கு, அதான். அத்தான், வாளை உருவறப்போ உயிர்க்காவலனோட வலது தோள் லேசா இறங்கும். நான்தான் அப்படி வச்சேன். நீங்க ஸ்கிரீன்ல அந்தத் தோளைப் பாத்துதான் கையைத் தூக்கறீங்க.

— உளறாத.

— அப்ப நாற்காலியைத் திருப்புங்க. சுவத்தைப் பாத்து உக்காருங்க.

— வாலு, விளையாடாத. எனக்கு வேலை கிடக்கு.

— எனக்கு வேலையே போகப்போகுது. திரும்புங்க அத்தான்.

— சரி, சரி, திரும்பிட்டேன். போதுமா? சத்தம் அடங்க ஒட்டின இந்தச் சுவத்துப் பஞ்சைப் பாரு, பிஞ்சு தொங்குது. மாத்துங்கடான்னா ஒருத்தன் காதுலயும் ஏறல... ம், ஓட்டு.

— ம்.

— இந்தா, வந்தாச்சு. அடுத்தவன் இடது பக்கத்துலேருந்து உருவறான், இந்தா. சும்மா கணீர்னு இருக்கு! இதுபோய்க் காதைக் கிழிக்குதாம்.

— அத்தான்.

— என்ன?

— நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

— ஆரம்பிக்கலையா?

— அத்தான், என்னைப் பாருங்க. இல்ல, வேணாம், பாக்க வேணாம். ஏதாவது பேசுங்க, அது போதும்.

— முரசு கேக்குது. குதிரைக் குளம்பு கேக்குது. கோட்டைக் கதவை யானை இடிக்கறது நெஞ்சுக்குள்ள கேக்குது. கீச்சுன்னு மேல இருக்கற மெல்லிசு சத்தமெல்லாம்தான்... போயிடுச்சு.

— எப்பத்துலேருந்து?

— எப்பப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துதே, அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவ கக்கத்துல வச்சிட்டு உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன், அது கத்தவே மாட்டேங்குது. உங்கக்கா ஓடி வந்து, 'அது எவ்ளோ நேரமாக் கத்துது, எடுத்தா என்ன'ன்னு திட்டினா.

— அக்காகிட்ட என்ன சொன்னீங்க?

— போன் பாத்துட்டிருந்தேன்னேன். அதுக்குத் தனியாத் திட்டு.

— டாக்டர்கிட்ட?

— போகல. போனா எழுதிக் குடுத்துடுவார். எழுதிக் குடுத்துட்டா உண்மையாயிடும்ல?

— அப்ப இந்த வாள் சத்தத்தை எப்படித்தான் செஞ்சீங்க?

— கண்ணால. இரும்புக் கம்பியில கத்தியை இழுத்து ரெக்கார்டு பண்ணேன். ஸ்கிரீன்ல கோடு எழும்பிச்சு, காதுல ஒண்ணும் விழல. சின்னச் சத்தம்போலன்னு கூட்டினேன். அப்பவும் விழல. இன்னும் கூட்டினேன்.

— அடக் கடவுளே! என் ஆளுங்க வெட்டினதைவிட நீங்க கொன்னது அதிகம் போல இருக்கே.

— சிரிக்கிறியா, அழறியா?

— எனக்கே தெரியல.

— வாலு, இப்பவே குறைச்சிடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்.

— எவ்வளவு குறைப்பீங்க? லாக் பண்ற அன்னிக்கு எதை மாத்தினாலும் டைரக்டர் இங்க வந்து உக்காந்து கேக்காம விடுவாரா? மாத்தினவர் வாயாலயே 'இது போதும், நிறுத்து'ன்னு சொல்ல வைப்பாரே. எங்க நிறுத்தச் சொல்வீங்க?

— நீ பக்கத்துல நின்னு கண்ணைக் காட்டு.

— அவர் உங்களையேதான் பாத்துட்டிருப்பார், அத்தான். அந்த மனுஷன்கிட்ட அந்த வேலையெல்லாம் நடக்காது. உண்மையைச் சொல்லிடலாமே?

— சொல்லிட்டு? காது போன சவுண்டு இன்ஜினியரை எவன் வச்சுக்குவான்? எனக்கு வேற ஒரு மண்ணும் தெரியாதும்மா. உனக்குச் சின்ன வயசு. எங்க போனாலும் வேலை கிடைக்கும்...

— அதைச் சொல்லாதீங்க. வேற யார் வேணா சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.

— தப்புதான். வாய் தவறி வந்துடுச்சு.

— தவறி வரல. மனசுல இருந்துதான் வந்துச்சு. பரவால்ல.

— வாலு...

— சும்மா இருங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் வர்றார். நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்கவே கூடாது.

— அடடே, ரெண்டு பேரும் இங்கயே இருக்கீங்க. நல்லதாப் போச்சுங்க. உயிர்க்காவலர் விஷயம் என்னம்மா ஆச்சு?

— என் தப்புதான் சார். ரொம்ப வேகமா வெட்டறாங்க. எவ்வளவு பாத்தும் சரி பண்ண முடியல. எடுத்துடலாம்.

— சவுண்டுல ஏதாவது?

— சவுண்டுல ஒரு குறையும் இல்ல சார்.

— நேத்தே இதை ஒத்துக்கிட்டிருந்தா ஒரு நாள் மிச்சமாயிருக்குங்க. எனக்கு அந்தக் காவலருங்களை ரொம்பப் பிடிக்கும். என்ன பண்றது, எடுத்துடுங்க. நாளையிலேருந்து நீங்களும் வர வேண்டியதில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க.

— சரிங்க சார்.

— ஏங்க, நீங்க என்னங்க, நான் வந்ததுலேருந்து சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?

— ஒண்ணுமில்ல சார், அத்தானுக்குத் தலைவலி. நான் கிளம்பறேன். அத்தான், நீங்க வீட்டுக்குப் போங்க.

— நில்லு. சார், அவ சொல்றது அத்தனையும் பொய். அந்த வாள் சத்தத்தைச் செஞ்சது நான். ஆனா இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு தடவகூட அதை நான் கேட்டதே இல்ல.