செல்லக்கனி வீட்டுத் தேக்குக் கதவு

செல்லக்கனி: மாடிப்படிக்குக் கீய சாத்தி வச்ச கதவு, காலு மொளச்சா சர்ச்சு ஹாலுக்குப் போச்சு? நீ தானேமே தூக்கினு போனே?

டோரதி: கத்தாதீங்கக்கா... மூணாவது மாடி வரைக்கும் கேக்குது.

செல்லக்கனி: கேக்கட்டும். தேக்கு அது. எங்க பழைய வூட்ட இடிக்கசொல்ல நாலு ஆளு வச்சு தூக்கியாந்தது. கேக்காம எடுத்தா அதுக்கு பேரு இன்னா?

டோரதி: சரி... திருட்டு. போதுமா?

செல்லக்கனி: போதாது. கதவ மீட்டுகினு வரலாம்னு நேத்து சாயங்காலம் ஹாலுக்கே வந்தேன்...

டோரதி: வந்தீங்களா? நான் பாக்கலியே.

செல்லக்கனி: தூணாண்ட குந்திகினு இருந்தேன். என் கதவு தரையில கெடக்குது. அது மேல லோகநாதன் மீன் பொட்டியக் கவுத்துப் போட்டு, அதுல குந்தி, அதையே தாளம் தட்டறான். பக்கத்துல நாற்காலியில கீழ் வூட்டு பீம்ராவு, கிட்டாரோட. பேரு ரஸ்ட் பாய்ஸாம். எல்லாத்துக்கும் தல நரைச்சு போச்சு. அதுல பொம்பள நீயும் ஒரு பாயி.

டோரதி: ஹார்பர்ல கப்பலுக்கு துரு தட்டறவங்க ஆரம்பிச்ச பேண்டு... வேற இன்னா பேரு வைப்பாங்க? முப்பது வருசமா அதான் பேரு.

செல்லக்கனி: முப்பது வருசமா ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கர் வச்சு ராயபுரத்தையே ஆட்டி வச்சீங்க. எங்க வூட்டு டம்ளரு தானா நடக்கும். இந்த வாட்டி ஒரு ஒயரு கூட காணோம். வெறும் மரக் கிட்டாரு, மவுத்தார்கன், மீன் பொட்டி. கரண்டு கட்டாயிட்ச்சா?

டோரதி: ஒரு மாறுதலுக்குத்தான். நாங்க பாடற ப்ளூஸு பாட்டு ஆதியில இப்டித்தான்க்கா... கரண்டே இல்லாம, வாசப்படியில குந்திகினு பாடினது.

செல்லக்கனி: கதவப் போட்டுகினா பாடினாங்க?

டோரதி: ...பாட்டு எப்டி இருந்துச்சு? அத்தச் சொல்லுங்க.

செல்லக்கனி: பேச்ச மாத்தறே. சரி, சொல்றேன். இத்தினி வருசம் காதுல பஞ்சு வச்சுகினு கேட்டவ நான். நேத்துதான் உனக்கு கொரலு கீதுன்னே தெரிஞ்சுது. இங்கிலீசுல இன்னா எயவோ, ஒண்ணும் புரியல. அந்த மெதுவான பாட்டுல மூச்ச நிறுத்தின பாரு... செத்துப்போன எங்க வூட்டுக்காரரு மேல கோவம் கோவமா வந்துச்சு. நல்ல கோவம்.

டோரதி: அக்கா...

செல்லக்கனி: இரு, முடிக்கல. அமீருதீன் மவுத்தார்கன் ஊதசொல்ல, கூட்ஸு வண்டி அயுதுகினே கொருக்குப்பேட்ட தாண்டறாப்ல இருந்துச்சு. பீம்ராவு வெரலு... அதுக்கு வயசே ஆவல. ஆனா ஒண்ணு. அந்த மனுசன் தாவாக்கட்டைய கிட்டாரு மேல அமுக்கிகினே வாசிச்சாரு. செருப்பு இல்ல. ரெண்டு காலும் என் கதவுல. எதுக்கு?

டோரதி: மேடைக்கு மரியாத.

செல்லக்கனி: நீ குதிகாலு செருப்போட நின்னியே, உனக்கு மரியாத கெடையாதா? ஜனம் கைதட்டி ஓஞ்ச அப்பாலயும் கண்ண மூடிகினே இருந்தாரு. நீ போய் தோள்ல ரெண்டு தட்டு தட்டினே. அப்பத்தான் முயிச்சாரு.

டோரதி: நீங்க போலீசுல இருக்க வேண்டியவங்க.

செல்லக்கனி: நீ சொல்றியா... இல்ல, காசிமேட்டுல மீனு வாங்கிகினே நானே ஒரு கத கட்டிக்கட்டுமா?

டோரதி: வோணாம்... இப்டி உள்ள வாங்க. அவருக்கு காது கேக்கலக்கா. கப்பல் டேங்குக்குள்ள குந்தி சுத்தியால தட்டித் தட்டி... மொதல்ல வலது போச்சு. போன தீவாளிக்கு இடதும். ஸ்பீக்கரு வச்சா வெறும் இரைச்சலாம். மரக் கிட்டாருன்னா தாடை வயியா கொஞ்சம் ஏறுது. தாளம் சிமெண்டு தரையில வரல. பலகையில கால வச்சா, லோகநாதன் தட்டறது உள்ளங்காலுக்கு வருது.

செல்லக்கனி: ...அதுக்கு என் கதவு.

டோரதி: காது கேக்காதவன்னு ஒருத்தர் பரிதாபப்பட்டு கைதட்டினாலும் அன்னிக்கே கிட்டார கீய வச்சிருவேன்னாரு. செஞ்சிருவாருக்கா. பொஞ்சாதி போனப்பறம் அவருக்கு அது ஒண்ணுதான் கீது. யாராண்டயும் சொல்லிடாதீங்க.

செல்லக்கனி: என் வாயப் பத்தித் தெரிஞ்சுமா எங்கிட்ட சொன்னே?

டோரதி: தெரிஞ்சுதான் கெஞ்சறேன்.

செல்லக்கனி: ம்... பாக்கலாம். கதவு எப்ப வரும்?

டோரதி: அடுத்த வாரம் திருவொத்தியூர்ல ஒரு ப்ரோக்ராம்...

செல்லக்கனி: எடுத்துகினு போ. மீன் பொட்டிக்கு அடியில கோணி போடச் சொல்லு, நாறுது.

டோரதி: கோணி போட்டா தாளம் எறங்காதுக்கா.

செல்லக்கனி: அப்ப வோணாம். நாறட்டும்.

*

செல்லக்கனி: ஹலோ... டோரதியா? செல்லக்கனி, போன் பூத்துலேந்து. பீம்ராவக் கட்டிகினு எண்ணூருக்குப் போயி ஒரு வருசம் ஆவுது. இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா?

டோரதி: கோவிச்சுக்காதீங்கக்கா. வாரத்துக்கு ரெண்டு ப்ரோக்ராம்.

செல்லக்கனி: அம்பது வயசுல இன்னா கல்யாணம்னு ராயபுரமே ஆறு மாசம் பேசிச்சு. அவளுக்கு சோறாக்க வராது, அந்தாளுக்கு வரும், அவ்ளோதான்னு நான் சொல்லி வச்சேன்.

டோரதி: வேற ஒண்ணும் சொல்லலியே நீங்க... இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. போன வாரம் ஹாலு நெறைய ஜனம். கைதட்டு கதவு வயியா முட்டி வரைக்கும் ஏறுதுன்னு சிரிச்சாரு. அக்கா, அன்னிக்கு அந்தக் கதவ நான் திருடாம இருந்தா...

செல்லக்கனி: நீ எங்கமே திருடினே? அந்தத் தீவாளிக்கு அப்பால மாடியிலேந்து அந்தாள நான் திட்டாத திட்டு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் நிமிந்து பாத்து "வணக்கம்மா"ன்னு சிரிச்சுகினு போனாரு. காது போச்சுன்னு எனக்கா தெரியாது? லோகநாதன் பலக தேடி அலையறான்னு கேள்விப்பட்டு, எங்க உள்ரூமு கதவ கீலு கயட்டி உன் கண்ணுல படறாப்ல வச்சவளே நான். பழைய வூட்டுக் கதவுன்னு கத்தினதெல்லாம், அவரு காது சமாச்சாரத்த உன் வாயாலயே சொல்ல வைக்கத்தான். வந்தா வந்து பாரு... இன்னிக்கும் உள்ரூமுல கதவுக்கு பதிலா பொடவதான் தொங்குது.