கத்தச் சோற்றுக்குள் வைத்த காட்

கல்முனையிலிருந்து நிந்தவூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் டை கட்டியிருந்த இளைஞன் பக்கத்திலிருந்தவனிடம் மெல்லச் சொன்னான்:

"வாப்பா மௌத்தாகி நாப்பதாம் நாள் ஓதின கத்தத்துக்குப் பள்ளியில குடுத்த சோத்துப் பார்சலுக்குள்ள என்ட காட்டையும் வெச்சன், மச்சான்."

"என்ன காட்?"

"கொழும்பில பங்கு வாங்கி விக்கிற என்ட வேலைக்குப் பேர் போட்டு அடிச்ச விசிட்டிங் காட். ஊருக்குள்ள ஆக்களப் பிடிக்கலாம் எண்டு நினச்சன்."

"ஆராச்சும் வந்தாங்களா?"

"பார்சல் வாங்கின ஒராள் இண்டைக்குச் சந்தையில மறிச்சார். காட்டில இருந்தது மௌத்தானவர்ட பேர் எண்டு நினச்சி, அந்தப் பேருக்குக் குர்ஆன்ல யாசீன் ஓதினாராம்."

"அது உன்ட பேர்தானே. சொன்னியா?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"மௌத்தானவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேட்டார். வாப்பா எண்டன்."