வெள்ளைத் திட்டின் மேல் விழுந்த சாய்கோடுகள்

கடலடிப் புல்வெளியைக் காகிதத்தில் காட்டிய கைகளுக்கு உரியவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஆய்வு நிலையத்தின் வரைபடப் பிரிவைத் தாங்கி நின்று இன்று பணி ஓய்வு பெறும் சேதுலட்சுமி அம்மையீர்! வணக்கம்.

"மீமிசல் கூட்டத்தை மட்டும் எழுதிராதீங்க, பிளெஸ்ஸி" என்று எங்களுள் ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டீர்கள். மன்னியுங்கள். தங்களைப் பார்த்துச் சொன்னால் கைகாட்டித் தடுத்துவிடுவீர்கள். ஆகவே அவையைப் பார்த்துச் சொல்கிறோம்.

அவையோரே! மீமிசல் கரைக்குப் படகுகள் வந்துசேரக் கடலுக்குள் எங்கே வழி தோண்டலாம் என்று முடிவெடுக்க ஆறாண்டுகளுக்கு முன் கூடிய கூட்டம் அது. சுவரில் அம்மையார் வரைந்த படம். பச்சை என்றால் கடற்புல் உண்டு. வெள்ளை என்றால் இல்லை. அதிகாரியின் விரல் ஒரு வெள்ளைத் திட்டில் வந்து நின்றது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்போது, ஆய்வுக்குப் படகு ஓட்டிய பிச்சை பின்வரிசையில் எழுந்தார்.

"ஏங்கம்மா, அங்கிட்டா புல்லு இல்லங்கிறீங்க? எங்க நண்டு வலை பூரா அங்கதான கெடக்கு! புல்லு இல்லாத எடத்துக்கு நண்டு என்ன கல்யாணத்துக்கா வருது?"

கூடம் சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. களக் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்த இடத்துக்குரிய கட்டங்கள் காலி. வலை அறுந்துவிடக் கூடாதென்று ஆய்வு நாளில் பிச்சை அந்த இடத்தை விட்டுவிட்டுப் படகைச் சுற்றுவழியில் ஓட்டிப் போயிருந்தார். அங்கே யாரும் மூழ்கிப் பார்க்கவேயில்லை. காலிக் கட்டங்களைப் புல் இல்லை என்று எடுத்துக்கொண்டு வெள்ளை பூசியது அம்மையாரின் கைதான்.

அருகிலிருந்த எங்கள் நிலைய மேலாளர் அவர் காதோடு சொன்னார்: "பேசாம இருங்கம்மா. இப்பச் சொன்னா மத்த படத்தையெல்லாம் யாரு நம்புவா? அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தச் சில நொடிகளைப் பற்றித் திரும்பும் வழியில் ஜீப்பில் அம்மையாரே எங்களிடம் சொன்னார். தவறு தெரிந்துவிடும் என்று அவர் பயப்படவில்லையாம். தெரியாமலே போய்விடும் என்றுதான் பயந்தாராம். தோண்டி முடித்துவிட்டால் அந்த வெள்ளை உண்மையாகிவிடும். பிறகு எவராலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எழுந்தார். பென்சிலால் வெள்ளைத் திட்டின் குறுக்கே சாய்கோடுகள் இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு கோடுகள் பச்சைக்குள் ஓடின.

"இங்க புல்லு இல்லன்னு அர்த்தமில்லங்க. நாங்க பாக்கலை. பாக்காததை இல்லன்னு வரைஞ்சது நான்."

கையெழுத்து நின்றது. பதினோரு நாள் கழித்து, பிச்சை வலைகளை எடுத்து வழிவிட, அவர் படகிலேயே போய் மூழ்கிப் பார்த்தோம். முழங்கால் உயரத்துக்குப் புல்! தோண்டும் இடம் மாறியது. அவ்வாண்டு அம்மையாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அம்மையாரோ, பார்க்காத இடத்துக்குச் சாய்கோடு இடாமல் நாங்கள் நீட்டிய படங்களை அன்றுமுதல் முகம் பாராமல் திருப்பியனுப்பினார்!

அம்மையீர்! இனித் தங்களையே பார்த்துப் பேசலாம். உடல் நலத்தோடும் உறங்காத கண்ணோடும் நெடுங்காலம் வாழுங்கள். இம்மடலோடு அந்தப் படத்தையும் சேர்த்தே சட்டமிட்டிருக்கிறோம். பச்சைக்குள் ஓடிய இரண்டு கோடுகளையும் நாங்கள் அழிக்கவில்லை.

என்றும் தங்கள்,
வரைபடப் பிரிவினர், களப் பணியாளர், படகோட்டி பிச்சை
புதுக்கோட்டை